ஒரு நம்பர் ஏத்திக்கலாம்

ஜூலை 9, ஞாயிறு

காலை ஆறே முக்கால். வெப்பம் 24. ஈரப்பதம் 78. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, வண்டிக்குப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஜெட் 140. நேரம் 14.12.

என் நோட்டில் வழக்கமாக இவ்வளவுதான் எழுதுவேன். பழைய நோட்டுத் தீர்ந்துவிட்டது. டயர்க் கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். நாளைக்கு ஒரு முழுப் பக்கம். ஒரு வரி எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமனே விட மனசு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். யாராவது எடுத்துப் படித்தால் அது அவர்கள் பாடு.

14.12 எனக்குப் பிடிக்கவில்லை. ஜனவரியில் இதே மாருதி எஸ்டீம் கார், இதே ஓடுதளம், 13.84 ஓடியது. டிராக் ரேஸ் என்பது நானூற்று இரண்டு மீட்டர் நேர்கோடு, அவ்வளவுதான். வளைவு கிடையாது, தந்திரம் கிடையாது. அதில் கால் வினாடி என்பது மூன்று கார் நீளம். டிசம்பரில் சென்னைப் போட்டிக்கு இந்த நேரத்தோடு போனால் வேடிக்கை பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மேல போறப்ப மூச்சு வாங்குது மணி. ஜெட் பத்தலை."

"அதுக்கென்னங்க, அடுத்த வாரம் ஒரு நம்பர் ஏத்திக்கலாம்" என்றேன்.

அவர் என்றால் குமரகுரு, என் வீட்டுக்காரர். சாரதாமணி என்ற என் பெயரில் அவர் எடுத்துக்கொண்டது மணி மட்டும். அவர் ஓட்டுகிறார், நான் வண்டியைத் தயார் செய்கிறேன். சிங்காநல்லூரில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகத்தான் நினைப்பார்கள். "சார் இல்லீங்களா?" என்பார்கள். சார் டீ வாங்கப் போயிருப்பார். டிப்ளமோ ஆட்டோமொபைல் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அன்றிலிருந்து இந்தக் கேள்வி பழகிவிட்டது.

மதியம் என் தம்பி நவநீதன் சாப்பிட வந்தான். சரவணம்பட்டியில் கார் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறான். அரிசிம்பருப்பு சாதத்தைப் பிசைந்துகொண்டே பழைய பல்லவியை ஆரம்பித்தான். கார்ப்பரேட்டரைக் கழற்றி எடைக்குப் போடு, இன்ஜெக்‌ஷன் மாட்டு, போட்டிக்கு வருகிற ஈரோட்டுக்காரர்கள்கூட மாறிவிட்டார்கள். அவன் சொல்வது புரியாமல் இல்லை. கார்ப்பரேட்டரில் காற்று போகிற வேகத்தில் பெட்ரோல் ஒரு சின்னத் துளை வழியாகத் தானாக உறிஞ்சப்படுகிறது. அந்தத் துளைதான் ஜெட், நம்பர் ஏற ஏறத் துளை பெரிது. துளை சின்னதானால் இன்ஜினுக்குப் பட்டினி, பெரிதானால் அஜீரணம். வெயிலுக்கு ஒரு ஜெட், ஈரக் காற்றுக்கு ஒரு ஜெட் என்று நான்தான் மாற்றிப் போட வேண்டும். இன்ஜெக்‌ஷனில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். காற்றை அளந்து, சூட்டை அளந்து, பெட்ரோலைப் பீய்ச்சும். போதாததற்கு ஓட்டம் முழுவதையும் லேப்டாப்பில் பதிந்து வைக்கும். எந்த வினாடியில் எத்தனை சுற்று, எவ்வளவு சூடு, பெடல் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, எல்லாம்.

அவர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "உன்ற அக்கா காதுக்கு முன்னால உன்ற கம்ப்யூட்டரெல்லாம் எந்த மூலைக்கு மாப்ளே. இவ கார்ப்பரேட்டரே போதும்" என்றார்.

நவநீதன் முகம் சுருங்கிப்போனது. நான் அவருக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினேன்.

ஜூலை 16, ஞாயிறு

வெப்பம் 24. ஈரப்பதம் 80. ஜெட் 145. நேரம் 14.19.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நுனி கறுத்திருக்கிறது. பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். அவரிடம் காட்டினேன். ஆனாலும் வேகம் மேலே போகும்போது பட்டினி கிடக்கிற மாதிரிதான் இருக்கிறது என்கிறார். ஒரே இன்ஜினில் பட்டினியும் அஜீரணமும் எப்படி இருக்கும்?

ஜூலை 19, புதன்

அவருக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். பழையதில் வலது கால் மட்டும் நுனி தேய்ந்து கிழிந்திருந்தது. இடது அப்படியே புதிது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் இப்படித்தான் ஆகும் என்று திட்டினேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வெப்பம் 25. ஈரப்பதம் 74. ஜெட் மறுபடி 140. நேரம் 14.31.

ஓடுதளத்தின் பாதியில், இருநூறு மீட்டர்க் கல் தாண்டும்போது சத்தம் தளர்கிறது. ஒன்பதாவது வினாடி. ஒவ்வொரு தடவையும் அதே இடம். ஆரம்பக் கோட்டில் நின்றால்கூட என் காதுக்குத் தெரிகிறது. கார்ப்பரேட்டருக்குள் இருக்கிற பட்டர்ஃபிளைத் தகடு அதிர்வில் ஆடுகிறதோ என்று சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினேன். காலை எடுத்ததும் பெடலை மேலே இழுக்கிற ஸ்பிரிங். பழையது தளர்ந்துதான் இருந்தது. தடித்த கம்பியில் புதிதாகப் போட்டிருக்கிறேன்.

அவர் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்றார். அப்புறம் பரவாயில்லை என்றார்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. ஒர்க்‌ஷாப்பைக் கழுவினோம். அவர் படியில் தடுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ஆயிலைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் விட்டால் இப்படித்தான் என்று கத்தினேன். பிறகு போய்ப் பார்த்தேன். படியில் ஆயில் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வெப்பம் 25. ஈரப்பதம் 76. ஜெட் 140. நேரம் 14.44.

பெட்ரோல் பம்பு மாற்றியாகிவிட்டது. மிதவையின் மட்டம் சரிபார்த்தாகிவிட்டது. டேங்க் மூடியின் காற்றுத் துளையைக்கூட ஊசியால் குத்தி விட்டேன். பிளக்கைக் கழற்றினால் நுனி அழகான காபிப் பொடி நிறம். புத்தகத்தில் படம் போடலாம். எரிவது ஒழுங்காக எரிகிறது என்று பிளக் சொல்கிறது. பட்டினி என்று அவர் சொல்கிறார். பிளக் பொய் சொல்லாது. இருபது வருஷமாக எல்லாரிடமும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"ஜெட் பத்தலை மணி."

"ஒரு நம்பர் ஏத்திக்கலாங்க."

வேறு என்ன சொல்ல.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

மழை. ஓட்டம் இல்லை. சாயங்காலம் அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்தார். வலது கெண்டைக்கால் சதை தானாகத் துள்ளித் துள்ளி அடங்கியது. அவருக்குத் தெரியக்கூட இல்லை. "ஏனுங்க, மிஸ்ஃபயர் ஆகுது பாருங்க" என்றேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவர் என்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

வெப்பம் 26. ஈரப்பதம் 70. ஜெட் 150. நேரம் 14.63.

அசிங்கமாக இருக்கிறது. ஈரோட்டுக்காரர் ஒருவர் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "அக்கா, காலம் மாறிப்போச்சுங்க" என்று தேங்காய் பன் தின்றுகொண்டே சொன்னார். பன்னோடு அவரையும் ஓடுதளத்தைவிட்டு வெளியே தள்ளலாம் போலிருந்தது. என் காதில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் காது போகுமா?

செப்டம்பர் 13, புதன்

அவர் வேலூருக்குப் போயிருக்கிறார். அங்கே யாரிடமோ பழைய எஸ்டீம் ஒன்று விலைக்கு வருகிறதாம், பாகங்களுக்கு உதவும் என்றார். நானும் வருகிறேன் என்றேன். கடையை யார் பார்ப்பது என்றார். சரிதான்.

செப்டம்பர் 16, சனி

வந்துவிட்டார். ஒரு கார் பார்க்க நான்கு நாளா என்று கேட்டேன். விலை படியவில்லை என்றார். களைத்துப் போயிருந்தார். வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி இருந்தது. கொசுக்கடியாம்.

அக்டோபர் 1, ஞாயிறு

நேரம் 14.78. மற்றதை எழுதவில்லை.

முடிவு எடுத்துவிட்டேன். நவநீதனைக் கூப்பிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டலாம் என்று சொல்லிவிட்டேன். என் வீம்புக்காக அவர் சென்னையில் தோற்கக் கூடாது. இரண்டு கார்ப்பரேட்டரையும் நானே கழற்றி, நானே துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி அலமாரியில் வைப்பேன். அழ மாட்டேன்.

நான் எதிர்பார்க்காதது என்னவென்றால் அவர் கொதித்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

"அந்தப் பொட்டி என்ற வண்டில ஏறக் கூடாது. சொல்லிப்போட்டேன். உன்ற கார்ப்பரேட்டர்ல ஒரு குறையுமில்ல."

"குறையில்லாமயா ஒரு செகண்டு போச்சு?" என்றேன்.

வெளியே போய்விட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து நான் அழுதேன். வருத்தத்தில் இல்லை. என் வேலைக்காக இப்படி யாரும் எனக்குப் பரிந்து சண்டை போட்டதில்லை. தோற்றாலும் பரவாயில்லை, உன் கார்ப்பரேட்டரோடுதான் தோற்பேன் என்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான். இதை நோட்டில் எழுதி வைக்கிறேன், பிறகு சண்டை வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ள.

ஆனாலும் மாட்டுவதென்று சொன்னது சொன்னதுதான்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. கார்ப்பரேட்டர்களுக்கும் பொட்டு வைத்தேன், நவநீதனின் லேப்டாப்புக்கும் வைத்தேன். அவனுக்கு ஒரே சிரிப்பு. கற்பூரம் காட்டும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்தே கும்பிட்டார். சாமிக்கு முன்னால் எழுந்து நிற்கக்கூடவா சோம்பல் என்றேன். பொரியும் கடலையும் மிஞ்சிவிட்டது, பக்கத்து லேத்துக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பினேன்.

நவம்பர் 5, ஞாயிறு

வெப்பம் 23. ஈரப்பதம் 79. இனி ஜெட் என்று எழுத எதுவும் இல்லை. நேரம் 14.81.

நேரத்தைப் பார்த்ததும், கடவுள் மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கம்ப்யூட்டராலும் முடியவில்லை. அப்படியானால் கோளாறு கார்ப்பரேட்டரில் இல்லை. நவநீதனிடம் போய், "எங்க உன்ற வித்தை?" என்று கேட்டேன்.

அவன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தான். மறுபடி ஒரு ஓட்டம் ஓட்டச் சொன்னான். மறுபடி. மூன்று ஓட்டம் முடிந்ததும் அவர் டீ குடிக்கப் போன சமயத்தில் திரையை என் பக்கம் திருப்பினான்.

"அக்கா, வண்டி சரியாத்தான் இருக்குது."

பச்சைக் கோடு ஒன்று. பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்பது. புறப்பட்டதும் நூறுக்கு ஏறுகிறது. ஒன்பதாவது வினாடி வரை அங்கேயே நிற்கிறது. அங்கிருந்து எழுபதுக்கு இறங்குகிறது. கொஞ்சம் ஏறப் பார்க்கிறது. ஐம்பதுக்கு விழுகிறது. மூன்று ஓட்டத்திலும் அதே இடம். நான் நான்கு மாதமாகக் காதால் கேட்ட அதே இடம்.

பெடலை அளக்கிற சென்சார் கோளாறு என்று சொன்னேன். சென்சார்தான் கோளாறு. புது சாமான் வாங்கி மாட்டினால் சில சமயம் இப்படி வரும்.

நவம்பர் 6, திங்கள்

சென்சார் மாற்றினேன்.

வண்டியில் நானே உட்கார்ந்து பெடலை முழுக்க மிதித்துப் பதினைந்து வினாடி பிடித்தேன். கோடு ஸ்கேல் வைத்து வரைந்தது போல நேராக நின்றது. என் கால் மட்டும் வலித்தது. ஸ்பிரிங் கெட்டி.

நவம்பர் 7, செவ்வாய்

இரண்டு கார் சர்வீஸ். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 8, புதன்

கேட்டுவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். கோட்டைப் பார்த்தார். இது என்ன என்று அவரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. எழுந்து போய் ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். நான் தினமும் திறக்கிற பெட்டி. அடித்தட்டை மட்டும் திறப்பதில்லை, அதில் இருப்பது அவருடைய பழைய மீன்பிடித் தூண்டில்.

வேலூர் ஆஸ்பத்திரி ஃபைல்.

நரம்பு நோய். தசைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகுமாம். காலில் தொடங்கியிருக்கிறது. கைக்கு வரும், தொண்டைக்கு வரும், கடைசியில் மூச்சுக்கு வரும். மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது. இரண்டு வருஷம், நான்கு வருஷம், சிலருக்குக் கொஞ்சம் அதிகம். மார்ச்சிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. செப்டம்பரில் உறுதி செய்திருக்கிறார்கள்.

வேலூருக்குக் கார் பார்க்க யார் போவார்கள் என்று இந்த ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நான் போய் விலை படிந்ததா என்று கேட்டேன்.

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா நீ வண்டிச் சாவியவே கண்ணுல காட்ட மாட்ட."

"அதுக்கு? ஜெட் பத்தலை, ஜெட் பத்தலைன்னு நாலு மாசமா... என்ற காது போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. என்ற வேலையே போச்சுன்னு."

அவர் லேப்டாப்பை மூடினார். பிறகு சொன்னார்: "தப்புத்தான் மணி. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீ சொல்லுவ பாரு, அடுத்த வாரம் ஒரு நம்பர் ஏத்திக்கலாம்னு. அதக் கேட்டா அடுத்த வாரம்னு ஒண்ணு நெசமாவே இருக்கற மாதிரி இருக்கும். அதுக்காகவே ஜெட் பத்தலைன்னு சொல்லிட்டிருந்தேன்."

ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம். வழியில் தக்காளி வாங்கினோம்.

நவம்பர் 9, வியாழன்

கோபம் அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

கார்ப்பரேட்டருக்காக அவர் பரிந்து பேசினாரே, அக்டோபர் ஒன்றாம் தேதி, நான் பெருமைப்பட்டு அழுதேனே. அது எனக்காக இல்லை. கார்ப்பரேட்டர் எதையும் பதிந்து வைக்காது, அதற்காக. என் காதை ஏமாற்றலாம், லேப்டாப்பை ஏமாற்ற முடியாது, அதற்காக. "இவ கார்ப்பரேட்டரே போதும்" என்பதற்கு அதுதான் அர்த்தம். அதற்கு நான் நெய் ஊற்றினேன்.

பிளக் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான் பிளக்கை நம்பவில்லை, அவரை நம்பினேன். நானே நம்பாதபோது இனி யாரிடமும் பிளக் பொய் சொல்லாது என்று சொல்ல வாய் வராது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் ஆறாம் தேதி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஸ்பிரிங். சக்தி போய்க்கொண்டிருக்கிற காலுக்கு எதிராக நானே தடித்த கம்பியில் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். கெட்டியாக இருக்கிறது என்று அவர் சொன்னது என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனை ஞாயிறு அதை மிதித்திருக்கிறார். பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்து விட்டேன். வலது கெண்டைக்கால் இடதைவிட ஒரு பிடி சிறுத்திருக்கிறது. இத்தனை நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இன்ஜினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 26, ஞாயிறு

நவநீதன் வந்தான். அவனுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. மாமரத்தடியில் போய் நின்றுகொண்டு வெகு நேரம் போன் பேசுகிற மாதிரி நடித்தான், போனை எடுக்காமலேயே. அப்புறம் உள்ளே வந்து, போட்டிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, யாராவது ஓட்டலாமே என்றான்.

"மணி ஓட்டட்டும்" என்றார் அவர்.

முடியாது என்றேன். அது அவர் சீட். அடுப்படிக்குப் போய்விட்டேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

இன்று சென்னையில் போட்டி. நாங்கள் வீட்டில் தோசை சுட்டுத் தின்றோம். அவர் டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். அந்தத் தேங்காய் பன் ஈரோட்டுக்காரர் 13.60 ஓடி ஜெயித்தாராம். போன் செய்து சொன்னார், நல்ல மனுஷன்தான். அக்கா, நீங்க வராம நல்லாயில்லீங்க என்றார்.

டிசம்பர் 24, ஞாயிறு

கார்ப்பரேட்டரைத் திரும்ப மாட்டு என்கிறார்.

எதற்கு என்றேன். ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். இன்ஜெக்‌ஷன் சத்தம் ஒழுங்காக இருக்கிறதாம், ஆனால் அது மூச்சு விடுகிற மாதிரி இல்லையாம். சரி, நவநீதனை ஓட்டச் சொல்கிறேன் என்றேன். "அவன் வேண்டாம். வண்டியப் பெத்தவ நீ. உனக்குத்தான் அது எங்க திணறும்னு தெரியும்" என்றார்.

முடியாது என்று மறுபடி சொன்னேன். ஆனால் மதியம் அலமாரியைத் திறந்து வேட்டித் துணியைப் பிரித்துப் பார்த்தேன். பூஜைப் பொட்டு அப்படியே இருந்தது.

ஜனவரி 7, ஞாயிறு

புது வருஷ டைரி, அதே டயர்க் கடைக்காரர் கொடுத்தது. கார்ப்பரேட்டரை மாட்டிவிட்டேன். நாள் முழுக்க ஆனது. அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாக எடுத்துக் கொடுத்தார். இரண்டு தடவை நட்டு கையிலிருந்து நழுவி உருண்டது. எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி அவர் கையிலேயே கொடுத்தேன், அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

ஸ்பிரிங் பழையதையே போட்டேன். பழைய இரும்பு டப்பாவைக் கிளறி எடுத்தது.

இன்று அவர்மேல் கோபம் இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அவருக்கு வாக்கர் வந்துவிட்டது. அதற்கும் மஞ்சள் கொத்துக் கட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

காலை ஏழு. வெப்பம் 19. ஈரப்பதம் 71. காற்று இல்லை. ஜெட் 140.

நவநீதன் தன் காரில் அவரை அழைத்து வந்தான். ஆரம்பக் கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டேன். அங்கே வேண்டாம் என்றார். இருநூறு மீட்டர்க் கல்லுக்கு நேராக, ஓடுதளத்தைவிட்டு முப்பது அடி தள்ளி, வேலிகாத்தான் நிழலில் போடச் சொன்னார். அங்கேதான் அவர் கால் விட்டுப்போனது. அந்த இடத்தைத் தாண்டும்போது வண்டி எப்படிக் கத்தும் என்று வெளியே இருந்து ஒரு தடவை கேட்க வேண்டும் என்றார்.

ஹெல்மெட் எனக்குப் பெரிது. உள்ளே அவர் தலை எண்ணெய் வாசம். கிளச்சை அவசரமாக விட்டதால் இரண்டு தடவை இன்ஜின் அணைந்துவிட்டது. மூன்றாவது தடவை கிளம்பினேன்.

இத்தனை வருஷமும் இந்தச் சத்தத்தை வெளியே நின்றுதான் கேட்டிருக்கிறேன். உள்ளே அது வேறு. இரண்டு கார்ப்பரேட்டரின் நான்கு வாயும் சேர்ந்து காற்றை இழுக்கிற சத்தம் முதுகெலும்பில் ஏறியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. பெடல் தரையோடு ஒட்டியிருந்தது. வண்டி எங்குமே திணறவில்லை. நான் செய்த வண்டி. பிளக் சொன்னது சரி. ஒரு குறையும் இல்லை.

ஓட்டுகிறவர்கள் நேரே மட்டும்தான் பார்க்க வேண்டும். இருநூறு மீட்டர்க் கல் வந்ததும் நான் வலது பக்கம் பார்த்துவிட்டேன்.

அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். வலது காலை முன்னால் நீட்டி வைத்திருந்தார். இரண்டு கையாலும் முட்டியைத் தரையை நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார். பெடலை மிதிக்கிறார்.

என் கால் தானாக மேலே வந்துவிட்டது.

மிச்ச தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. கடைசியில் நிறுத்தி, கண்ணைத் துடைத்து, ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தேன். நவநீதன் நேரத்தைக் கத்திச் சொன்னான். 14.90. அவர் பக்கத்தில் நிறுத்தி இறங்கினேன்.

"என்னாச்சு மணி?" என்றார். இப்போது பேச்சு லேசாகக் குழறுகிறது. காது குழறவில்லை. எந்த இடத்தில் என் கால் எழுந்தது என்று அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

"மேல போறப்ப மூச்சு வாங்குதுங்க" என்றேன். "ஜெட் பத்தலை."

என்னையே பார்த்தார். நான் பேனட்டைத் திறக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். பிளக்கைக் கழற்றினேன். நுனி காபிப் பொடி நிறம். சூடு ஆறாததை அவருக்குக் காட்டாமல் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அதுக்கென்ன" என்றார். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "அடுத்த வாரம் ஒரு நம்பர் ஏத்திக்கலாம்."

ஏத்திக்கலாங்க என்றேன்.

வீட்டுக்கு வந்து அவருக்கு ரசம் சாதம் குழைத்து ஊட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி இப்போதே எழுதி வைத்துவிட்டேன். ஜனவரி 28. ஜெட் 145.